நடுவில் நின்ற நான்கு நாட்கள்: ஒரு குரல்வளைப் புற்றுநோய் சிகிச்சையும் அதன் டோஸ் கணக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நோயாளி ஒரு தனி நபர் அல்ல. ரேடியோதெரபி துறையில் அடிக்கடி நடப்பவற்றை வைத்து, கணக்கு தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அமைத்துக்கொண்ட நிகழ்வு இது. எண்களை நீங்களே போட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நல்லது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தன் சிகிச்சையைத் தானே எடைபோட வேண்டாம். இதே கணக்கை நோயாளியின் ஸ்கேனையும் மெஷினின் அளவீடுகளையும் வைத்துப் போடுவதற்குத்தான் புற்றுநோய் மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் இருக்கிறார்கள்.

நோயாளிக்கு 58 வயது, ஆண், பல வருடம் புகைபிடித்தவர். மூன்று மாதமாகக் குரல் கம்மிப்போயிருக்கிறது, வலி இல்லை, விழுங்குவதில் சிரமமும் இல்லை. சளி என்று நினைத்து மாத்திரை போட்டே காலம் போய்விட்டது. (மூன்று வாரம் தாண்டியும் குரல் கரகரப்பு தீரவில்லை என்றால் ஸ்கோப் வைத்துக் குரல் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.) ஸ்கோப்பில் இடது குரல் நாணில் கட்டி தெரிந்தது, அதற்கு மேலே இருக்கும் பகுதிக்கும் கொஞ்சம் பரவியிருந்தது. நாண் இரண்டும் அசைகின்றன. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. சி.டி.யில் கழுத்து நெறிக்கட்டி எதுவும் இல்லை. ஆக டி2 என்0 எம்0, அதாவது கட்டி பக்கத்துப் பகுதிக்குப் பரவியிருக்கிறது, நெறிக்கட்டிக்கும் உடலின் வேறு இடத்துக்கும் போகவில்லை.

லேசர் அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்ற பேச்சு வந்தது. இரண்டுமே சரியான வழிதான், இவர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். குரல் நாண்களில் நிணநீர் நாளங்கள் மிகக் குறைவு என்பதால் இந்த நிலையில் கழுத்து முழுவதற்கும் கதிர் கொடுக்கத் தேவையில்லை. குரல்வளையைச் சுற்றி 6 செ.மீ.க்கு 6 செ.மீ. சதுரம், இடது பக்கத்திலிருந்து ஒன்று, வலது பக்கத்திலிருந்து ஒன்று, 6 எம்.வி. ஃபோட்டான் கதிர் (உயர் ஆற்றல் எக்ஸ்ரே). அவ்வளவுதான் சிகிச்சைப் புலம். உமிழ்நீர்ச் சுரப்பி, தாடை எலும்பின் பெரும்பகுதி எல்லாம் புலத்துக்கு வெளியே இருக்கும், அதனால் நாக்கு அடிப்பகுதி அல்லது டான்சில் புற்றுநோய்க்குக் கதிர் வாங்குபவர்கள் படும் வாய் உலர்ச்சி இவருக்கு வராது. தொண்டைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இடம் மாறினால் சிகிச்சையே வேறு. அங்கே பெரும்பாலும் 35 தடவையில் 70 கிரே, கழுத்தின் இரண்டு பக்கமும், பலருக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தும் சேரும்.

இவருக்கு எழுதப்பட்ட டோஸ்: ஒரு நாளைக்கு 2.25 கிரே, வாரத்தில் ஐந்து நாள், 29 ஃபிராக்‌ஷன், மொத்தம் 65.25 கிரே. ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் தவணைதான் ஒரு ஃபிராக்‌ஷன்.

ஒரு கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிவது. 65.25 கிரேயையும் ஒரே மூச்சில் தண்ணீரில் கொட்டினால்கூட அதன் வெப்பநிலை சுமார் 0.016 டிகிரிதான் ஏறும். சூட்டினால் செல் சாவதில்லை, டி.என்.ஏ. உடைவதால் சாகிறது. அதனால் எத்தனை ஜூல் போனது என்பது மட்டும் போதாது, எத்தனை தவணையில், எத்தனை நாளில் போனது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

இதற்குத்தான் பி.இ.டி. என்ற கணக்கு இருக்கிறது, உயிரியல் விளைவை வைத்து டோஸை அளப்பது. சூத்திரம் எளிது:

பி.இ.டி. = எண்ணிக்கை × ஒரு தடவை டோஸ் × (1 + ஒரு தடவை டோஸ் ÷ ஆல்ஃபா-பீட்டா விகிதம்)

ஆல்ஃபா-பீட்டா விகிதம் திசுவின் குணத்தைச் சொல்லும் எண். குரல்வளையின் ஸ்குவாமஸ் கட்டிக்கு 10 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் பின்விளைவுகளுக்கு, அதாவது குருத்தெலும்பு பாதிப்பு, தோலுக்கடியில் தடிப்பு, தீராத வீக்கம் போன்றவற்றுக்கு 3. இந்த எண் சிறியதாக இருந்தால், ஒரே தடவையில் அதிகம் கொடுப்பதை அந்தத் திசு பொறுத்துக்கொள்ளாது என்று அர்த்தம்.

இவருடைய திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். கட்டிக்கு 65.25 × 1.225 = 79.9. பின்விளைவுத் திசுவுக்கு 65.25 × 1.75 = 114.2. ஒப்பிட, வழக்கமான 70 கிரே, 35 தடவை என்றால் கட்டிக்கு 84, பின்விளைவுக்கு 116.7. இதோடு நிறுத்தினால் 70 கிரேதான் கட்டிக்கு வலுவான சிகிச்சை என்று தோன்றும். ஆனால் இந்தச் சூத்திரத்தில் காலண்டரே இல்லையே!

1988-இல் வித்தர்ஸும் கூட்டாளிகளும் தலை கழுத்துப் புற்றுநோய்களைப் பற்றிச் சொன்னது இதுதான்: சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் கழித்து, மிச்சமிருக்கும் கட்டிச் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன, அதை ஈடுகட்ட ஒரு நாளைக்குச் சுமார் 0.6 கிரே செலவாகிறது. பி.இ.டி. கணக்கில் இதை 28-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 0.9 என்று கழிப்பது பரவலான வழக்கம். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். முதல் ஃபிராக்‌ஷன் திங்கட்கிழமை, அது 1-ஆம் நாள். 29-ஆவது ஃபிராக்‌ஷன் ஆறாவது வார வியாழன், 39-ஆம் நாள். கழிவு 11 × 0.9 = 9.9, கட்டிக்கு மிஞ்சுவது 70.0. அந்த 70 கிரே திட்டம் 47-ஆம் நாளில்தான் முடியும், கழிவு 17.1, மிஞ்சுவது 66.9. மொத்த கிரே குறைந்த திட்டம் கட்டியை அதிகமாக அடிக்கிறது, பின்விளைவும் சற்றே குறைவு.

வெறும் காகிதக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான யாமசாகி குழுவின் ஆய்வில், ஆரம்ப நிலை டி1 குரல் நாண் புற்றுநோய்க்கு ஒரு தடவைக்கு 2 கிரே கொடுத்தவர்களில் ஐந்தாண்டு உள்ளூர் கட்டுப்பாடு (கட்டி அதே இடத்தில் திரும்ப வராமல் இருப்பது) 77 சதவீதம், 2.25 கிரே கொடுத்தவர்களில் 92 சதவீதம். மொத்த டோஸ் இரண்டாவது குழுவில்தான் குறைவு. நாட்களும் குறைவு.

சரி, மருத்துவர் 2.25 என்று எழுதிவிட்டார், மெஷினுக்கு அந்த மொழி புரியாது. அதற்குத் தெரிந்தது மானிட்டர் யூனிட் மட்டும், எவ்வளவு கதிர் வெளியே விடுகிறோம் என்று மெஷின் எண்ணும் அலகு அது. நம் லீனாக்கை, அதாவது கதிர் தரும் மெஷினை, அளந்து வைத்திருக்கும் விதம் இது: 10-க்கு 10 புலம், தோலிலிருந்து மூலத்துக்கு 100 செ.மீ., ஆழம் 1.5 செ.மீ., அந்த இடத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒரு சென்டிகிரே (கிரேயில் நூறில் ஒரு பங்கு). ஆனால் நோயாளியைப் படுக்கவைப்பது வேறு மாதிரி, குரல்வளையின் நடுப்புள்ளி மூலத்திலிருந்து 100 செ.மீ.யில் இருக்கும். கழுத்தின் அகலம் 10 செ.மீ., ஆக ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஆழம் 5 செ.மீ. 225 சென்டிகிரேயை இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 112.5.

இனி திருத்தங்கள். புலம் சிறியது, சிதறல் குறைவு, அதற்கு 0.96. 5 செ.மீ. திசுவைக் கடக்கும்போது குறைவதற்கு டி.எம்.ஆர். அட்டவணையில் 0.91. அளந்த தூரத்துக்கும் சிகிச்சைத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 101.5-ஐ 100-ஆல் வகுத்து இருமடிப் பெருக்கம், 1.030. மூன்றையும் பெருக்கினால் 0.900. 112.5-ஐ அதால் வகுத்தால் 125 யூனிட்.

1.030-ஐ விட்டுவிட்டால் 129 யூனிட் வரும். தினமும் 3 சதவீதம் கூடுதல், 29 நாளும் யார் கண்ணிலும் படாமல் ஓடும். மெஷினை எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்று கேட்காமல் அடுத்த துறையின் தாளைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொன்று வெட்ஜ், கதிரின் வழியில் வைக்கும் ஆப்பு வடிவ உலோகத் துண்டு. குரல்வளைக்கு முன்னால் கழுத்து ஒல்லியாகிவிடுகிறது, அப்படியே விட்டால் முன்பக்கம் டோஸ் ஏறிவிடும், அதனால் தடித்த பக்கம் முன்னால் வரும்படி வெட்ஜ் வைக்கிறோம். இந்த வெட்ஜுக்குக் காரணி 0.78 என்று வையுங்கள், 125 ÷ 0.78 = 160 யூனிட். கணக்கில் வெட்ஜ் இருந்து மெஷினில் இல்லாமல் போனால் 28 சதவீதம் கூடுதல் டோஸ், மெஷினில் இருந்து கணக்கில் இல்லாமல் போனால் 22 சதவீதம் குறைவு. இன்று திட்டமிடும் மென்பொருள் இதையெல்லாம் நொடியில் போட்டுவிடுகிறது, இருந்தாலும் வேறொருவர் வேறு வழியில் சரிபார்க்கும் பழக்கத்தை யாரும் விட்டுவிடவில்லை, விடவும் கூடாது. மென்பொருளுக்கும் கைக்கணக்குக்கும் 5 சதவீதம் இடைவெளி வந்தால், காரணம் தெரியாமல் நோயாளியைப் படுக்க வைப்பதில்லை.

சிகிச்சை திங்கட்கிழமை தொடங்கியது, மூன்று வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. மூன்றாவது வாரக் கடைசியில் விழுங்கும்போது எரிச்சல், குரல் இன்னும் கம்மியது, எதிர்பார்த்ததுதான். நான்காவது வாரப் புதன் வரை 18 ஃபிராக்‌ஷன், 40.5 கிரே. வியாழன் காலை மெஷின் எழும்பவில்லை. மெஷினுக்கு மைக்ரோவேவ் சக்தி தரும் மேக்னெட்ரான் போய்விட்டது. மாற்று உதிரி வந்து பொருத்தி முடிய செவ்வாய் மாலை ஆகிவிட்டது. வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய், நான்கு ஃபிராக்‌ஷன் விட்டுப்போனது. துறையில் ஒரே மாதிரி அளவீடு செய்த இரண்டாவது மெஷின் இருந்தால் வியாழனே அங்கே மாற்றியிருப்பார்கள், அதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. இங்கே இருந்தது ஒன்றுதான்.

மேக்னெட்ரான் மாற்றியவுடன் நோயாளியைக் கூப்பிட முடியாது. கதிரின் ஆற்றல், சமச்சீர், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு டோஸ் என்பதை மறுபடி அளக்க வேண்டும். டோஸை அளக்கும் கருவியான அயனி அறை காற்றில் திறந்திருப்பது, அறை சூடானாலோ காற்றழுத்தம் குறைந்தாலோ அதற்குள் காற்று குறைந்து, அளவும் குறைவாகக் காட்டும். அன்று அறை வெப்பநிலை 23 டிகிரி, அழுத்தம் 100.5 கிலோபாஸ்கல். 20 டிகிரி, 101.3 கிலோபாஸ்கலை அடிப்படையாக வைத்தால் திருத்தம் (296.2 ÷ 293.2) × (101.3 ÷ 100.5) = 1.018. இதைப் பெருக்க மறந்தால் மெஷின் 1.8 சதவீதம் குறைவாகக் கொடுப்பதாகத் தெரியும், அதை நம்பித் திருகிவிட்டால் எல்லா நோயாளிக்கும் 1.8 சதவீதம் கூடும். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பாரோமீட்டரும் செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

புதன் காலை, 31-ஆம் நாள், மெஷின் தயார். இன்னும் 11 ஃபிராக்‌ஷன் பாக்கி. இனி என்ன செய்வது?

பலருக்கும் முதலில் தோன்றுவது, விட்ட நான்கையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது. நோயாளியும் அப்படித்தான் நினைக்கிறார், மொத்தம் 29 வந்துவிட்டால் சரிதானே என்று. அப்படிப் போனால் 45-ஆம் நாளில் முடியும். நான்கு வேலை நாள் விட்டது, வார இறுதி நடுவில் புகுந்துகொள்வதால் ஆறு நாள் தள்ளிப்போகிறது. கட்டிக்கு மிஞ்சுவது 79.9 − 15.3 = 64.6. திட்டமிட்ட 70.0-இலிருந்து 5.4 காணோம், அதாவது இரண்டு கிரே ஃபிராக்‌ஷன் கணக்கில் 4.5 கிரே. கிட்டத்தட்ட இரண்டு நாள் சிகிச்சையைக் கொடுக்காத மாதிரிதான். இந்த வகைப் புற்றுநோயில் ஒரு நாள் நீண்டால் கட்டுப்பாடு சுமார் 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது என்பது துறையில் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் இத்தகைய நோயாளிகளை முதல் வகையில் வைத்து, திட்டமிட்ட நாளைவிட இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்கிறது.

அப்படியானால் கடைசியில் கூடுதல் ஃபிராக்‌ஷன் போட்டு இழந்ததைப் பிடிக்கலாமா? ஒவ்வொரு ஃபிராக்‌ஷனும் கட்டிக்கு 2.76 தருகிறது, ஆனால் ஒரு நாளையும் தின்கிறது, நடுவில் மறுபடி ஒரு வார இறுதி வருகிறது. போட்டுப் பார்த்தால் நான்கு கூடுதல் ஃபிராக்‌ஷன் வேண்டும், மொத்தம் 33, 74.25 கிரே, 51-ஆம் நாள். கட்டிக்கு 70.3 வந்துவிடும். பின்விளைவுக்கோ 114.2 இருந்த இடத்தில் 129.9! காரணம் எளிது, இடைவெளி நாட்களில் கட்டி பெருகிக்கொள்கிறது, பின்விளைவுத் திசு அப்படிப் பெருகி ஈடுகட்டுவதில்லை, அதன் கணக்கில் வாங்கியது எல்லாம் வாங்கியதுதான். கட்டி இழந்த நாட்களுக்கான கடனைக் குருத்தெலும்பின் தலையில் கட்டுகிற வேலை இது.

அடுத்து, பழைய தேதியிலேயே முடித்துவிட்டு ஒரு தடவை டோஸை ஏற்றுவது. புதன் முதல் அடுத்த வார வியாழன் வரை ஏழு வேலை நாள். 11 ஃபிராக்‌ஷனின் பி.இ.டி. 30.3-ஐ ஏழில் அடக்க ஒரு தடவைக்கு 3.27 கிரே வேண்டும். கட்டிக்கு சமன், பின்விளைவு மொத்தம் 118.6. முந்தைய வழியோடு பார்த்தால் எவ்வளவோ தேவலாம், வேறு வழியே இல்லையென்றால் யோசிக்கலாம். ஆனால் 2.25-க்கே குருத்தெலும்பைப் பற்றிக் கவலைப்படும் இடத்தில் 3.27-ஐ எழுத எனக்குக் கை வராது.

மிச்சமிருப்பது, ஃபிராக்‌ஷன் அளவைத் தொடாமல் நாட்களை நெருக்குவது. சனிக்கிழமை ஒன்று, இரண்டு வெள்ளிக்கிழமையும் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. எண்ணிப் பாருங்கள்: புதன் 1, வியாழன் 1, வெள்ளி 2, சனி 1, திங்கள் முதல் வியாழன் வரை 4, வெள்ளி 2. மொத்தம் 11. முடியும் நாள் 40, ஒரே ஒரு நாள் தாமதம். கட்டிக்கு 79.9 − 10.8 = 69.1.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கொடுக்கும்போது, காலையில் பட்ட சேதத்தை நல்ல திசு முழுவதும் சரிசெய்து முடிப்பதற்குள் மாலை ஃபிராக்‌ஷன் வந்துவிடும். இடையில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும் என்பது விதி, முடிந்தால் 8. பின்விளைவுத் திசு மெதுவாகச் சரிசெய்கிறது, பாதி சரியாக 4 மணி நேரம் ஆகிறது என்று கொஞ்சம் கடுமையாகவே வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் கால் பங்கு சேதம் பாக்கி. ஒரு ஜோடிக்கு 2 × 2.25 × 0.75 × 0.25 = 0.84 கூடும், இரண்டு வெள்ளிக்கும் சேர்த்து 1.7. ஆக பின்விளைவு 115.9. வழக்கமான 70 கிரே திட்டத்தின் 116.7-ஐவிட அப்போதும் குறைவு. 6 மணி நேர இடைவெளி என்றால் ஒரு ஜோடிக்கு 1.2 ஆகும், அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக இவரையும் மாலை கடைசி ஆளாக மறுபடி இவரையும் போடச் சொல்லி அட்டவணைக்காரரிடம் பேச வேண்டியிருக்கிறது. இரட்டை நாளுக்கு வெள்ளியைத் தேர்ந்தெடுத்ததே, இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி விழட்டும் என்றுதான்.

கடைசி வாரம் ஆறு ஃபிராக்‌ஷன், 13.5 கிரே. தாங்குவாரா? வாரத்துக்கு ஆறு என்பது புதிய சோதனை அல்ல. டென்மார்க்கின் டாஹான்கா 6, 7 ஆய்வுகள் ஐந்துக்கும் ஆறுக்கும்தான் ஒப்பீடு செய்தன, 2003-இல் முடிவு வெளியானது. ஐந்தாண்டுக் கட்டுப்பாடு 60-இலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது, குரல்வளைப் புற்றுநோயாளிகளில் குரலைக் காப்பாற்றியது 68-இலிருந்து 80 சதவீதமாக. பதிலுக்குத் தொண்டைப்புண் அதிகம். இவருக்கும் கடைசி வாரத்தில் கெட்டியான சாப்பாடு இறங்காது, வலி மருந்தை முன்கூட்டியே ஏற்றி, உணவு ஆலோசகரையும் அந்தப் புதன்கிழமையே பார்க்க வைத்துவிட வேண்டும், எடை இறங்கிய பிறகு அல்ல. தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடியும் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், கழுத்து ஒல்லியானால் 5 செ.மீ. ஆழம் என்று போட்ட கணக்கும் கொஞ்சம் நகரும்.

0.9 என்ற எண்ணை நம்பாதவர்கள் உண்டு, அது நியாயமும்கூட, தனி நோயாளிக்கு இது எவ்வளவு என்று அளக்க வழியில்லை. 0.6 என்று வைத்துப் பாருங்கள், எதுவும் செய்யாமல் ஆறு நாள் தள்ளினால் 5.4-க்குப் பதில் 3.6 போகும், நெருக்கிய திட்டத்தில் 0.9-க்குப் பதில் 0.6. இழப்பு சுருங்குகிறதே தவிர எது சிறந்த வழி என்பது மாறவில்லை. எண்ணின் கடைசித் தசமத்தில் சண்டை போடுவதைவிட அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு டெக்னாலஜிஸ்ட்டையும் ஒரு இயற்பியலாளரையும் ஏற்பாடு செய்வது பயனுள்ளது. ஈடுகட்டும் கணக்கை மெஷின் பழுதான வியாழனே தொடங்கிவிடலாம், சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைவெளி சிகிச்சையின் தொடக்கத்தில் வந்தால் நெருக்குவதற்கு நிறைய வாரங்கள் மிச்சமிருக்கும், கடைசி வாரத்தில் வந்தால் கையில் எதுவும் இருக்காது. இவர் நடுவில் மாட்டிக்கொண்டவர், அதனால் தப்பித்தார்.

நோயாளியின் கோப்பில் எழுத வேண்டியது: 29 ஃபிராக்‌ஷன், 65.25 கிரே, 40 நாள், இடைவெளி எந்தத் தேதிகளில், ஏன், எந்த இரண்டு நாளில் இரட்டை, இடையில் எத்தனை மணி நேரம், மேக்னெட்ரானுக்குப் பிந்தைய அளவீடு எவ்வளவு. வருடங்கள் கழித்து வீக்கமோ மறுபடி கட்டியோ வந்தால், அன்று பார்ப்பவருக்கு "65.25 கிரே முடிந்தது" என்ற ஒற்றை வரி எந்த உதவியும் செய்யாது.

அப்புறம் தொடர் பரிசோதனை. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஸ்கோப், அதற்கு முன்னால் பார்த்தால் வீக்கத்தையும் கட்டியையும் பிரித்தறிவது கஷ்டம். புகை முற்றிலும் நிறுத்த வேண்டும். தைராய்டின் ஒரு பகுதி புலத்துக்குள் வந்திருப்பதால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை.